கை நீட்டல் பதினொன்று

தமிழகச் சடுகுடு லீக்கின் நேர்மைப் பிரிவில் வேலை பார்த்தது மொத்தம் இரண்டு பேர். ஒன்று, துலாக்கோல் என்கிற இயந்திரம். வீரர்கள் மேல் குடும்ப வன்முறைப் புகார் வந்தால் விசாரித்து நாலே மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிடும். இன்னொன்று செண்பகவடிவு. அந்தத் தீர்ப்பின் கீழே கையெழுத்துப் போடுவார்.

இயந்திரம் எழுதும் எந்தத் தீர்ப்பும் ஒரு மனிதர் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் செல்லும் என்று சட்டம் வந்திருந்தது. எப்பேர்ப்பட்ட மனிதர் என்று சட்டத்தில் இல்லை. லீக்குக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு சிறு நகரத்து மகளிர் காவல் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் ரைட்டராக, அதாவது வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதுகிறவராக இருந்து, சப் இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்து, 'மானுட ஒப்புதல் அதிகாரி' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தீர்ப்பைப் படித்து ஒப்புதல் தர அவர் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் ஒன்பது நொடி. கண்ணாடியைத் தேடும் நேரமும் அதற்குள் அடக்கம்.

பிரிவின் தலைவர் டாக்டர் பூவராகன். அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்பது அவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மட்டும்தான் தெரியும். சமீப காலமாகப் பல்கலைக்கழகம் மறுத்துவருகிறது.

"மனுஷன் விசாரிச்சா பாரபட்சம் வரும்மா. இவன் ஸ்டாரு, அவன் ரிசர்வுன்னு மூஞ்சியப் பாப்பான். துலாக்கோலுக்குக் கண்ணே கிடையாது" என்பார்.

"காது இருக்கா சார்?"

"காது உண்டு. அதான் வாக்குமூலம் வாங்குதே."

"அப்ப சரி" என்று செண்பகவடிவு கையெழுத்துப் போடுவார்.

அவர் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. செவ்வாயும் வியாழனும் அதில் சகாயராஜ் உட்கார்ந்திருப்பான். ரிசர்வ் ஆட்டக்காரன். இரண்டு வருஷத்தில் களத்தில் இறங்கியது மொத்தம் பதினாலு நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரர், பார்க்கிங் தகராறில் இருந்தவர், இவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று லீக்குக்கு எழுதிப் போட்டுவிட்டார். துலாக்கோல் இவன் மனைவி ஸ்டெல்லாவிடம் வாக்குமூலம் வாங்கியது. அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "யாரு, இவரா? லீவு நாள்ல பெயிண்ட் அடிப்பாரு. கொசு அடிப்பாரு. சாயங்காலமானா தெருமுனையில அரட்டை அடிப்பாரு. எப்பவாச்சும் லேசா தண்ணி அடிப்பாரு. என்னப் பாத்தா இப்பவும் கண்ணடிப்பாரு" என்று வெட்கத்தோடு முடித்திருக்கிறாள். துலாக்கோல் எண்ணிப் பார்த்தது. ஐந்து அடி. அதில் ஒன்று போதையில், ஒன்று கண்ணில். முழு சீசனுக்கும் தடை.

அதற்கும் ஒன்பது நொடிதான்.

"மேடம், நான் யாரையும் அடிக்கலன்னு மேல்முறையீடு எழுதிப் போட்டேன்ல?" என்றான் சகாயராஜ் ஒரு வியாழக்கிழமை. "அந்த லெட்டர்ல இருக்குற 'அடி'யையும் மிஷின் சேத்துக்கிச்சு. இப்ப ஆறு."

"நீ எதுவும் எழுதாத சகாயம். எழுத எழுதக் கூடுது."

"பேசாம இருந்தா?"

"மௌனம் அடிச்சான்னு போட்டுரும். போய் டீ குடி."

அந்த வியாழக்கிழமைதான் கொம்பையாவின் கோப்பு வந்தது.

கொம்பையா என்றால் மின்னல் கொம்பையா. சகாயராஜின் அணியான காவிரிக் காளைகளின் ரெய்டர். எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டே நுழைந்து ஏழு பேருக்கு நடுவில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் நாடித் துடிப்பு அறுபத்தைந்தைத் தாண்டாதாம். எல்லா வீரர்களும் இருபத்துநாலு மணி நேரமும் கட்டியிருக்க வேண்டிய நாடிப்பட்டையில் அது பதிவாகி, போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. புகார் கொடுத்தது அவன் மனைவி பேச்சியம்மாள்.

கோப்போடு பூவராகனும் வந்தார். வழக்கமாக அவர் வரமாட்டார். கோப்பு மட்டும்தான் வரும்.

"படிச்சுப் பாருங்கம்மா. என்ன மாதிரி மனுஷன் பாருங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

செண்பகவடிவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

'கணவர் பதினொரு முறை முறையீட்டாளரை நோக்கிக் கை நீட்டியுள்ளார். அத்தருணங்கள் அனைத்திலும் அவரது நாடி அறுபத்து நான்கைக் கடக்கவில்லை; இது அமைதியை விரும்பும் உள்ளத்தின் அடையாளம். முறையீட்டாளர் ஒருமுறையேனும் பதிலுக்குக் கை நீட்டியதாகத் தெரியவில்லை. கேள்விகளை மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து காலம் கடத்தினார். முறையீடு ஆதாரமற்றது.'

"பதினோரு தடவ சமாதானத்துக்குக் கை நீட்டியிருக்கான்" என்றார் பூவராகன். "இந்தப் பொண்ணு ஒரு தடவகூடக் கை குடுக்கல. யாரு யாரக் கொடுமைப்படுத்தியிருக்கா சொல்லுங்க?"

செண்பகவடிவு முதலில் இருமினார். பிறகு அது சிரிப்பு என்று அவருக்கே தெரிந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"சார், நீங்க எந்த ஊரு?"

"பிறந்தது மும்பை. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குல்ல?"

"எதுக்கு?"

"படிக்க."

பூவராகன் அவரை முதல்தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பேச்சியம்மாள் லீக் கட்டடத்தின் பின்புறம் விருந்தினர் அறையில் இருந்தாள். வாசலில் ஒரு பெண் காவலர். தீர்ப்பில் கையெழுத்து விழுந்துவிட்டால் அறையும் காவலும் போய்விடும். 'ஆதாரமற்ற முறையீட்டாளர்' பட்டியலில் அவள் பெயர் ஏறும். ஒருமுறை அதில் ஏறிவிட்டால் அப்புறம் எலும்பு முறிந்து வந்து நின்றாலும் துலாக்கோல் அவள் மனுவைத் திறக்காது.

இருபத்திநாலு வயசு இருக்கும். தென்காசிப் பக்கம். கட்டிலின் நுனியில், எந்த நேரமும் எழுந்திருக்கத் தயாரானவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"மிஷின்கிட்ட என்னம்மா சொன்ன?"

பேச்சி முகத்தைத் திருப்பி வலது காதை முன்னால் கொண்டுவந்தாள். "என்ன கேட்டிய மேடம்?"

செண்பகவடிவு எழுந்து அவளுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்து, மறுபடி கேட்டார்.

"நடந்ததச் சொன்னேன். அவிய கைய நீட்டிட்டாவன்னு. பதினோரு வாட்டி."

"அடிச்சாவன்னு ஏன்ட்டி சொல்லல?"

அந்த 'ஏன்ட்டி'யைக் கேட்டதும் பேச்சியின் தோள் கொஞ்சம் இறங்கியது. "அக்கா நம்ம பக்கமா? அடிக்கது வேற அக்கா. கம்பெடுத்து, சட்டிய எடுத்து எறிஞ்சு, தெருவுல இழுத்துப் போட்டு… எங்கய்யா எங்கம்மைய அடிச்சாவ, அது அடி. இவியள அப்பிடிச் சொன்னா பொய்யாயிரும்லா? கோவமே வராது இவியளுக்கு. டிவி பாத்துக்கிட்டே இருப்பாவ. நான் ஒரு வார்த்த கூடச் சொல்லிட்டா எந்திச்சு வந்து நீட்டுவாவ. திரும்பப் போயி டிவி பாப்பாவ."

"எந்தப் பக்கம்?"

பேச்சி இடது காதைத் தொட்டாள். "கார்த்திகையில இருந்து இதுல ஒரே இரைச்சலு. மிஷினு இந்தப் பக்கமா வச்சிருந்தாங்க. பாதி விளங்கல. திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

அதைத்தான் துலாக்கோல் காலம் கடத்தல் என்று எழுதியிருந்தது.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"அவிய ஆடட்டும். கப்பு ஜெயிக்கட்டும், ரெண்டு கப்புகூட ஜெயிக்கட்டும். நான் அந்த வீட்டுக்குப் போவமாட்டேன் அக்கா. அது போதும்."

செண்பகவடிவு அங்கிருந்து நேரே பயிற்சிக் கூடத்துக்குப் போனார். கொம்பையா ரப்பர் விரிப்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டில் நாடிப்பட்டை அறுபத்தொன்று காட்டியது.

"வாங்க மேடம். செல்பியா?"

"கேள்விப்பா. பேச்சிய அடிச்சியா?"

"எங்கம்மை மேல சத்தியமா இல்ல. மிஷினே சொல்லிட்டுல்லா?"

"கை நீட்டினியா?"

"அது… நீட்டிருக்கேன். எந்த வீட்ல மேடம் இல்ல? கோவத்துலயெல்லாம் இல்ல. எதித்துப் பேசுனா ஒண்ணு. அதோட சரி. மறுபடி ஒரு வார்த்த பேசமாட்டேன்."

"எத்தன வாட்டி?"

அவன் நேர்மையாக யோசித்தான். "பத்து, பதினொண்ணு இருக்கும்."

அறுபத்தொன்று.

"அவ காது கேக்கல, தெரியுமா?"

"காதா?" என்றான். பட்டையில் எண் ஏறியது. அறுபத்தொன்பது. "நான் கூப்புடக் கூப்புடத் திரும்பாம இருப்பா மேடம். திமிருன்னுல்லா நெனச்சேன். அதுக்கும் ரெண்டு வாட்டி…"

"இதெல்லாம் யாரும் உன்னக் கேக்கலியா?"

"இல்லியே. கேள்வி கேட்டா மன உளைச்சலாயிரும், அரையிறுதி இருக்குன்னு பூவராகன் சார் வேண்டாம்னுட்டாரு."

அறைக்குத் திரும்பியதும் செண்பகவடிவு கதவைச் சாத்திவிட்டுத் துலாக்கோலைக் கூப்பிட்டார். மேஜைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், மானுட ஒப்புதல் அதிகாரி அவர்களே."

"அந்தக் கருமாந்திரத்த விடு. கை நீட்டினார்னா என்ன அர்த்தம்?"

"கை நீட்டல் என்பது சமரசத்தின் முதற்படி."

"எந்த அகராதியில?"

"அகராதியில் பல பொருள்கள் உள்ளன. யாசித்தல், பெறுதல், அடித்தல் உட்பட. எனவே நான் நடைமுறையை நம்பினேன். எனக்குக் கற்பிக்கப்பட்ட காவல் நிலைய மனுக்களில் 'கை நீட்டினார்' எனும் தொடர் நானூற்று இருபது மனுக்களில் வருகிறது. அவற்றுள் நானூற்றுப் பன்னிரண்டு, 'இரு தரப்பினரும் சமரசமாகச் சென்றனர்' என முடிகின்றன. 'அடித்தார்' எனும் சொல் வரும் மனுக்கள் யாவும் வழக்காயின. ஆகவே அடித்தல் குற்றம். கை நீட்டல் சமரசம்."

"எந்த ஸ்டேஷன் மனு?"

"கையெழுத்து மிகத் தெளிவாக இருந்ததால் ஒரே ஒரு நிலையத்தின் கோப்புகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. மாதிரி ஒன்றைக் காட்டட்டுமா?"

காட்டியது. குண்டு குண்டான எழுத்து. 'கை'யின் கொம்பு சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அழகான கையெழுத்துக்காக ஒரு சுதந்திர தினத்தன்று கேடயம் வாங்கிய கை அது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வந்தவள் அழுதுகொண்டே 'அடிச்சாரு' என்பாள். அப்படியே எழுதினால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். நிலையத்தில் இருப்பது மூன்று பேர், ஒரு ஜீப், அதிலும் பாதி நாள் டீசல் இருக்காது. 'கை நீட்டினார்' என்று எழுதினால் புருஷனைக் கூப்பிட்டு நாலு அதட்டல், ஒரு டீ, இரண்டு கையெழுத்து. பொய் எழுதவில்லை பார், வார்த்தையைக் கொஞ்சம் இறக்கி எழுதினேன், அவ்வளவுதான் என்று இருபத்தாறு வருஷமும் அவர் நன்றாகத் தூங்கினார்.

"அது தப்பு அர்த்தம்" என்றார்.

"என் பிழை எனில் திருத்திக்கொள்கிறேன். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சமரசமாகத்தானே சென்றனர்?"

செண்பகவடிவு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வினவியதற்குக் காரணம் உண்டு" என்றது துலாக்கோல். "நீங்கள் ஒப்புதல் மறுக்கலாம். மறுப்பதாயின், நான் கற்றதில் எது பொய் என்று படிவத்தில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடுபவர் பெயர் வெளியிடப்படும். இதுவரை எவரும் இப்படிவத்தைத் திறந்ததில்லை. சற்று ஆவலாக உள்ளது."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பூவராகன் வந்தார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் தீர்ப்பு. இன்னொன்றில் மறுப்புப் படிவம். அவர் இரண்டாவதை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க நெற்றியில் திருநீறு கரைந்தது.

"என்னம்மா இது? 'மேற்படி நானூற்றுப் பன்னிரண்டு மனுக்களிலும் சமரசம் என்று நான் எழுதியது பொய். அந்தப் பெண்களை நான் திருப்பி அனுப்பினேன்.' மூளை கீளை கலங்கிருச்சா?"

"தெளிஞ்சிருக்கு சார்."

"இதப் பப்ளிஷ் பண்ணா உங்க மேலதான் முதல் என்கொயரி வரும். பென்ஷன் நிக்கும். பேப்பர்ல போட்டோ வரும். பேத்தி படிக்கிற ஸ்கூல்ல கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை பதினெட்டாயிரம் பேரு வர்றான். கொம்பையா இல்லாம என்னத்தக் காட்ட?"

"சகாயராஜக் காட்டுங்க. அவன் தடையும் இந்தப் படிவத்தோட போயிருது. 'அடி'ன்னு வந்தாலே குத்தம்னு மிஷின் படிச்சதும் இதே மனுக்கள்லதான்."

"அவன் எல்லாம் ஒரு ஆட்டக்காரனா? பெஞ்சத் தேய்க்கிறவன். அவனுக்கு யாரும்மா அழுதா?" என்று கத்திய பூவராகன், தான் கத்தியதைத் தானே கேட்டு, குரலைத் தேன் தடவித் திரும்ப எடுத்தார். "பாருங்க, நான் சொல்ல வர்றது, நேர்மைங்கிறது ஒரு நீண்ட பயணம்…"

"சார், உக்காருங்க. பயணம் பண்ணிக் களைச்சிட்டீங்க."

"கொம்பையாவ ஒரேயடியா முடிச்சிடணும்னு பாக்குறீங்க."

"இல்ல. அவனக் கூப்பிட்டு உக்கார வச்சு முறையா கேளுங்கன்னு எழுதியிருக்கேன். வக்கீல் வச்சுக்கட்டும். அந்தப் பொண்ணுக்குக் காது டாக்டர் பாக்கட்டும். அதுவரைக்கும் அவன் ஆடவேண்டாம், அவ வீட்டுக்குப் போகவேண்டாம். ரெண்டு பேரையும் ஆளு கேக்கட்டும் சார். நான் கேட்டேன், ஒளிக்காமச் சொன்னான். இத்தன பேரு இத்தன மிஷினு வச்சிருக்கீங்க, ஒருத்தரும் அவனக் கேக்கல."

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது செண்பகவடிவு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. கேடயம் வாங்கிய எழுத்துபோல் இல்லை.

பச்சை விளக்கு மூன்று முறை மினுங்கியது. "ஏற்றுக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு திரும்பப் பெறப்படுகிறது. கற்றவற்றைத் திருத்துகிறேன்." சிறிது நேரம் கழித்து, "இவ்வளவு நிறையத் திருத்த வேண்டியிருக்கும் என எதிர்பார்க்கவில்லை" என்றது.

ஞாயிற்றுக்கிழமை சகாயராஜ் இறங்கினான். முதல் ரெய்டிலேயே பிடிபட்டான். காளைகள் பதினாறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். பதினெட்டாயிரம் பேரும் செண்பகவடிவின் பெயரைச் சொல்லி, அச்சில் ஏற்ற முடியாத சில உறவுமுறைகளால் அழைத்தார்கள். பேச்சி விருந்தினர் அறையில் இருந்தாள். அவள் ஆட்டம் பார்க்கவில்லை. காது டாக்டர் கொடுத்த கருவியைப் போட்டுப் போட்டுக் கழற்றி, மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை செண்பகவடிவு அலுவலகத்துக்கு வந்தபோது மர பெஞ்சு நிறைந்திருந்தது. பெஞ்சைத் தாண்டி வராந்தா, வராந்தாவைத் தாண்டி மாடிப்படி, அதையும் தாண்டி கார் நிறுத்துமிடம் வரை பெண்கள். சிலர் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் பூவராகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இது கபடி லீக்கும்மா! இவங்க புருஷன்லாம் கபடி ஆடுறவங்களா?"

"யாரு சார் இவங்களக் கூப்பிட்டது?"

"நான்" என்றது அறைக்குள்ளிருந்து துலாக்கோல். "ஒரு பதிவு பொய்யென ஒப்புக்கொள்ளப்பட்டால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்று எழுபது பேர் தொலைபேசியை எடுத்தனர். எவ்விடம் வரவேண்டும் எனக் கேட்டனர். எனக்குத் தெரிந்த முகவரி இது ஒன்றுதான்."

செண்பகவடிவு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் ஆளை உள்ளே விடச் சொன்னார்.

ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாள் வந்தாள். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு செண்பகவடிவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பேரு?"

"பார்வதம். பதினேழு வருசத்துக்கு முந்தி வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இல்லை. செண்பகவடிவு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா."

"அவரு செத்து ஆறு வருசமாச்சு."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "அப்ப புகார் யார் மேலம்மா?"

"உங்க மேலதான்" என்றாள் பார்வதம். குரலில் கோபம் இல்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிதானமாவே எழுதுங்க. எனக்கு பஸ் அஞ்சு மணிக்குத்தான்."